சிரிக்கும் கிழவனின் உட்புறம்

வீரபாண்டி, அரபு நாட்டில் முசஃபாவிலிருந்த அந்த ஃபைபர் பட்டறைக்குள் நுழைந்தபோது வெயில் உச்சியில் நின்றது. ஓவர்டைம் பார்த்துப் பார்த்து உடம்பு கல்லாய்க் கனத்தது. ஜப்பான்காரர்கள் திருவிழாவில் அணியும் முகமூடிகளை, ஒரு புது ஹோட்டலின் சுவரை அலங்கரிக்க, ஆளுயரத்துக்குச் செய்துகொண்டிருந்தார்கள். நரி, நீள மூக்கன், பல் தெரியச் சிரிக்கும் கிழவன்.

கிழவனின் உட்புறத்தைத் தேய்க்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் மதிய ஓய்வுக்குப் போய்விட்டார்கள். வீரபாண்டி அந்தக் குழிவுக்குள் தலையை நுழைத்தான். இருட்டு. குளுமை. ஒரு நிமிஷம்தானே என்று கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினான்.

பிசின் நாற்றம் மெல்ல விலகியது. நனைந்த வைக்கோல் வாசம் வந்தது. எங்கோ தூரத்தில் மேளம்.

கன்னத்துக்கடியில் ஃபைபர் வெதுவெதுத்தது.

அது மூச்சு விட்டது.

வெகுகாலம் சுமந்ததை இறக்கி வைக்கிறவனின் பெருமூச்சு.

பதறித் தலையை இழுத்தான். தோல் பிய்வதுபோல் வலித்தது. வெளியே ஓடி வந்து நிழலில் உட்கார்ந்தவனுக்குப் போன் அடித்தது. ஊரிலிருந்து மனைவி பானுப்பிரியா, வீடியோ காலில்.

"மாமா போயிட்டாகங்க... காலையில நெஞ்சு வலிக்குதுன்னாக..."

அப்பா. கண்ணீர் பொங்கியது.

அவள் அழுகை சட்டென்று நின்றது.

"ஏங்க... ஏன் சிரிக்கிறீக?"

"நான் எங்கடி சிரிக்கிறேன்?"

"இன்னும் சிரிக்கிறீக!" இணைப்பு அறுந்தது.

பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் ஜஸ்டஸ், நாகர்கோவில்காரர், அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குலே இளிக்க?"

"அப்பா செத்துட்டாருண்ணே."

ஜஸ்டஸ் ஓரடி பின்வாங்கினார்.

ஜஸ்டஸே லீவும் டிக்கெட்டும் வாங்கித் தந்து, ஏர்போர்ட்டுக்கு வேனில் கூட்டிப் போனார். வழி நெடுக ஒருமுறைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. வீரபாண்டி வேன் கண்ணாடியில் பார்த்தான். அழுது வீங்கிய அவன் முகம்தான் தெரிந்தது.

ஏர்போர்ட்டில், முகத்தைப் பார்த்துத் திறக்கும் கேட்டில் நின்றான். சிவப்பு விளக்கு.

மறுபடி நின்றான். சிவப்பு.

அதிகாரி வந்து பாஸ்போர்ட் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணீர் தாடை வழியே சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாய்," என்றார் அவர், அலுத்துப்போன இந்தியில். "சிரிப்பை நிறுத்து. அப்புறம்தான் கேட் திறக்கும்."