மாட்டாத மூடி

“திறக்காதேங்கோ!”

வெலிங்டன் ரோட்டு ஓரத்தில் நின்ற தேஜஸ்வினி திடுக்கிட்டுத் திரும்புவதற்குள், ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டது. அவள் வைத்திருந்த துண்டு புல்லில் விழுந்தது. காரின் பானெட் திறந்திருந்தது. உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

“ஹலோ! யாருங்க நீங்க? முதல்ல கையை விடுங்க!”

“அந்த ரேடியேட்டர் மூடியைத் திறக்க மாட்டன் எண்டு சொல்லுங்கோ... விடுறன்.”

“தண்ணி ஊத்தணும்ங்க. இன்ஜின் கொதிக்குது, கண்ணு தெரியல?”

“தெரியுது. கொதிக்கேக்கை திறந்தா தண்ணி முழுக்க உங்கடை முகத்துக்குத்தான் வரும்.”

அவள் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் சுருங்கிய பெரிய கண்கள்... பாதி கோபம், பாதி பயம். அந்தக் கண்களைப் பார்த்த பிறகுதான், தான் இன்னும் கையை விடவில்லை என்பது லோஜனுக்கு உறைத்தது. சட்டென்று விட்டான். காது வரை சூடாகிவிட்டது, பாவம்.

இன்ஜின் ஆறும் வரை இருவரும் மர நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் பக்கத்து ரோவில் பகுதியில் சிறி அண்ணையின் கராஜில் மெக்கானிக். மதியச் சாப்பாடு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில்தான் அவளைக் கண்டான். அவள் மதுரையில் பல் டாக்டர். இங்கே மல்கிரேவில் ஒரு கிளினிக்கில் உதவியாளர். இந்த நாட்டில் டாக்டராக வேலை பார்க்க மார்ச் மாதம் செய்முறைத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். இரண்டு வருடமாக அதற்குத்தான் படிக்கிறாள்.

“நான் அகதியாப் போட்டிலை வந்தனான். பிரிட்ஜிங் விசா... கேஸ் முடியும் வரைக்கும்தான்,” என்றான் லோஜன். இதை அவன் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பான். பல முகங்கள் அந்த இடத்தில் மாறியதை அவன் பார்த்திருக்கிறான்.

அவள் முகம் மாறவில்லை. “சாப்பாடு ஆறுது பாருங்க... சாப்பிடுங்க,” என்றாள்.

கராஜுக்கு அவனே ஓட்டினான். ஏறியதும் ஹீட்டரை முழுதாகத் திருப்பினான்.

“ஐயோ, இந்த வெயில்ல ஹீட்டரா?”

“இன்ஜின்ரை சூட்டை உள்ளுக்கு இழுக்கும். அஞ்சு நிமிசம் பொறுங்கோ.”

“இன்ஜினைக் காப்பாத்திட்டு என்னைக் கொல்லப் போறீங்க!”

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட, இருவரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே போனார்கள்.

ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப், ஃபேன்... ஒவ்வொன்றாகப் பார்த்தான். எங்கும் ஒழுக்கு இல்லை. பழுது அந்த மூடியில்தான். உள்ளே இருந்த ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. மூடி இறுக்கிப் பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியே போய்விடும். மறுநாள் சிறி அண்ணை புது மூடி வரவழைத்தார். எந்தச் சாமான் வந்தாலும் காரின் நம்பரையும் தேதியையும் பெட்டியில் எழுதுவது அவர் வழக்கம். எழுதி லோஜனிடம் கொடுத்தார்.

“பின்னேரம் அந்தப் பிள்ளை வந்தா மாட்டிவிடு.”

பின்னேரம் அந்தப் பிள்ளை வந்தாள். இரண்டு நிமிட வேலை. மாட்டிவிட்டால் அதோடு முடிந்தது. ஒரு பல் டாக்டர் இந்த எண்ணெய்ப் பிசுக்குக்குள் மறுபடி எதற்கு வரப்போகிறாள்? நாளைக்கு எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாதவன், எந்த முகத்தோடு அவளை வரச் சொல்வது? லோஜன் பழைய மூடியையே திருகினான்.

“கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குறையுது. சனிக்கிழமைகளிலை கொண்டு வாங்கோ... நான் பாத்து விடுறன்.”

பெட்டி அவன் லாக்கருக்குள் போனது. நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தவன் செய்த வேலை இது!

அவள் வந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும். அவன் தண்ணீர் ஊற்றுவான். அவள் உடைந்த கதிரையில் உட்கார்ந்து பரீட்சைப் புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பாள். ஒரு நாள் எலுமிச்சை சாதம், ஒரு நாள் சண்டை, ஒரு நாள் சும்மா இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பதினாலு சனிக்கிழமைகள்...

“வாயைத் திறங்க,” என்றாள் ஒரு நாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். அவ்வளவு அருகில் அந்தக் கண்கள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். “கீழ ஒரு சொத்தை இருக்கு. இப்ப வலிக்காது. ஆனா சின்னதா இருக்கும்போதே அடைச்சிடணும். தெரிஞ்சும் விட்டீங்கன்னா ஒரு நாள் வச்சு வாங்கும்.”

அன்றே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும்... பிறகு மாட்டலாம், பிறகு சொல்லலாம்.

மார்ச் பிறந்தது. ஒரு வாரமாக விடாத வெயில். வெள்ளிக்கிழமை பரீட்சை. முதல் நாளே வந்து தண்ணீர் பார்த்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தான். வியாழக்கிழமை அவள் போன் செய்தாள்.

“படிக்கணும் லோஜன், இன்னிக்கு வர முடியாது. காலையில தண்ணி நானே ஊத்திக்கிறேன்.”

“ஓம்... மறந்திடாதேங்கோ.”

போனை வைத்துவிட்டு லாக்கரைத் திறந்தான். பெட்டியைக் கையில் எடுத்தான். பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் மல்கிரேவ். ஆனால் போய் என்ன சொல்வது? இத்தனை நாள் எங்கே இருந்தது இந்த மூடி என்று கேட்டால்? பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். போகவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது.

“லோஜன்... மொனாஷ் ஃப்ரீவேல நிக்கிறேன். சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. ஹீட்டரைப் போட்டு ஓரம் கட்டிட்டேன்... மூடியைத் தொடல. நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். எட்டரைக்குக் கதவை மூடிடுவாங்க. டாக்ஸி வர நாற்பது நிமிஷமாம்...”

சிறி அண்ணையின் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். ஆனால் காலை நேர ஃப்ரீவேயில் யார் பறக்க முடியும்? அவன் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஆகப் பத்து நிமிடம்.

டாக்ஸியை வேண்டாம் என்று திருப்பிவிட்டு, அவள் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றாள். வெள்ளைக் கோட்டு கையில் மடித்தபடி இருந்தது. அழுது முடித்திருந்தாள்.

“என் தப்புதான். அவசரத்துல தண்ணி ஊத்த மறந்துட்டேன். நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க... நான்தான்...”

லோஜன் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். பழியை அவளே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அவன் ஆறுதல் சொல்வது ஒன்றுதான் பாக்கி. இன்ஜின் ஆறியிருந்தது. தண்ணீர் ஊற்றினான். சட்டைப் பையிலிருந்து புது மூடியை எடுத்து மாட்டித் திருகினான்.

“இவ்வளவுதானா? இனிமே கொதிக்காதா?”

“இவ்வளவுதான்.”

வெறும் பெட்டியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கார் நம்பர். கீழே சிறி அண்ணையின் கோணல் எழுத்தில் ஒரு தேதி... 30.11.2012. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“அடுத்த நாளே வந்திட்டுது. நான் மாட்டேல்லை. மாட்டினா நீங்கள் பிறகு வரமாட்டியள் எண்டு பயந்திட்டன்.” அவன் பழைய மூடியைக் கையில் உருட்டினான். “எனக்கு உங்களிலை விருப்பம், தேஜா. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கேல்லை. தப்பு முழுக்க என்ரை.”

லாரிகள் உறுமிக்கொண்டு போயின. அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“அடுத்த பரீட்சை செப்டம்பர்ல, லோஜன். இன்னும் ஆறு மாசம்... அதே புத்தகம். அப்பா பதினோரு மணிக்கு போன் பண்ணுவார். என்னன்னு சொல்வேன்?”

அவள் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தாள். முள் மெல்ல ஏறியது. நடுவில் வந்து அசையாமல் நின்றது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

“அந்தப் பல்லை அடைச்சீங்களா?”

“இல்லை.”

“போய் அடைங்க. அதையாவது விட்டுடாதீங்க.”

“தேஜா... சனிக்கிழமை...”

“கார்தான் சரியாயிடுச்சே. எதுக்கு வரணும்?”

கியரைப் போட்டவள் போகவில்லை. திரும்பி, நேராக அவன் கண்ணைப் பார்த்தாள். அவள் கண்கள் மறுபடி நிறைந்திருந்தன.

“நீங்க அன்னிக்கே இதை மாட்டியிருக்கலாம் லோஜன். இதுல ஏதோ சத்தம் கேக்குது, அதுல ஏதோ ஆடுதுன்னு நானே எதையாவது பொய் சொல்லிக்கிட்டு... கார் நல்லா இருந்தாலும், நான் எல்லா சனிக்கிழமையும் வந்திருப்பேன்.”