அண்ணாவின் புது ஹேண்டில்பார்

“க்ட்.”

அபிராம் அண்ணா தன் மவுண்டன் பைக்கை வாசற்படியிலிருந்து இறக்கியபோது அந்தச் சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது.

“அண்ணா, ஹேண்டில்பார்ல சத்தம் கேக்குது.”

“உனக்கு எதுலதான் சத்தம் கேக்காது ஸாதனா? நேத்து பூனை தும்மினதுக்கே கட்டில் மேல ஏறினே. பேடித்தொண்டி!”

அவன் நண்பன் விக்கி விழுந்து விழுந்து சிரித்தான். நான் பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும்.

அந்த ஹேண்டில்பார் அன்று சனிக்கிழமை மதியம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. பழையது மிகவும் குறுகல். அண்ணா வளர்ந்துவிட்டான். வேகமாகப் போனால் முன்சக்கரம் ஆடுகிறது என்றான்.

பள்ளுருத்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மலையாளிச் சேட்டன், அவனைக் கடைத் தரையிலேயே தண்டால் எடுக்கச் சொன்னார். அவன் கைகள் ஊன்றிய இடங்களில் சாக்பீஸால் குறித்து, நடுவில் டேப் வைத்து அளந்தார்.

“எழுபத்திரண்டு சென்டி. மோனே, இதுதான் உன் அகலம்!”

அதே அளவில், முனைகள் சற்று மேலே தூக்கிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கூடவே விரலையும் ஆட்டினார்.

“பக்ஷே... ஆனா, இதோட நடுப்பாகம் மெலிசு. உன் வண்டி ஸ்டெம் பெரிசு. சரியான ஸ்டெம் செவ்வாய்க்கிழமைதான் வரும். அதுவரைக்கும் மாட்டண்டா, கேட்டோ?”

ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை நடுவில் கவ்விப் பிடிக்கும் பாகம்.

அண்ணாவால் செவ்வாய் வரை எப்படிக் காத்திருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் வெலிங்டன் தீவுப் பாலத்தின் இறக்கத்தில் போட்டி. அண்ணா, விக்கி, பக்கத்து வீட்டு தன்யா சேச்சி, மூன்று பேர்.

விக்கி ஒரு பழைய டியூபைக் கத்தரித்தான். மாம்பழ ஜூஸ் டின்னிலிருந்து ஒரு தகடு வெட்டினான். இரண்டையும் ஹேண்டில்பாரில் சுற்றி, ஸ்டெம்முக்குள் திணித்து, திருகாணிகளை முறுக்கினார்கள்.

“பாறை மாதிரி நிக்குது!” என்றான் விக்கி.

“அம்மாகிட்ட சொன்னே, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்,” என்றான் அண்ணா.

நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் எவ்வளவு பெரிய கன்டெய்னர் லாரிகள் வரும் என்று எனக்குத் தெரியும்.

யாரும் பார்க்காத நேரத்தில் அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்தேன். ஸ்டெம்மில் தொடங்கி ஹேண்டில்பார் வரை நேராக ஒரு கோடு போட்டேன்.

மறுநாள் காலை அம்மா சுக்குக் கிடங்குக்கு வேலைக்குப் போய்விட்டாள். அண்ணா பைக்கில் கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தான். உடனே குனிந்து பார்த்தேன்.

கோடு இரண்டாகியிருந்தது! ஸ்டெம்மில் இருந்த பாதி அங்கேயே இருந்தது. மற்றப் பாதி ஓர் அரிசி அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது.

“கோட்டை நீ வளைச்சுப் போட்டிருப்பே,” என்றான் அண்ணா.

“ஓர் அரிசிக்கா இவ்வளவு பயம்?” என்றான் அப்போதுதான் வந்த விக்கி.

“கடைக்குப் போனதுக்கே இவ்வளவுன்னா, பாலத்துல பிரேக் பிடிக்கறப்போ?” என்றேன்.

அண்ணா ஹெல்மெட்டை மாட்டினான். அழுதால் இன்னும் வேகமாகப் போவான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“ஒரு நிமிஷம் அண்ணா. நீங்க ரெண்டு பேரும் வண்டியைப் பிடிச்சுக்குங்க. நான் இதுல தொங்கறேன். அசையலேன்னா போ. நான் இனிமே வாயே திறக்க மாட்டேன்.”

“வாயே திறக்க மாட்டியா? அப்போ சரி!” என்று விக்கி முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டான். அண்ணா சீட்டைப் பிடித்தான்.

நான் இரண்டு முனைகளையும் பற்றிக் கால்களைத் தூக்கினேன். மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

ஒன்றும் ஆகவில்லை.

“கண்டோ? நான் அப்பவே சொன்னேன்...” என்று விக்கி ஆரம்பித்தான்.

கர்ரக்!

ஹேண்டில்பார் அப்படியே கீழே சுழன்றது. நான் முட்டி போட்டு விழுந்தேன். பிரேக் பிடிகள் தரையைப் பார்த்தன. டின் தகடு ஸ்டெம்முக்கு வெளியே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணா ஹெல்மெட்டைக் கழற்றினான். பாலம் இருந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கத்தில் மண்டியிட்டான். அவனும் பயப்படுவான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“முட்டியில அடிபட்டுதா?”

“கொஞ்சம்.”

“உள்ளே போய் உட்காரு. விக்கி, அந்தப் பழைய ஹேண்டில்பாரை எடுடா.”

விக்கி ஓடிப் போய் எடுத்து வந்தான்.

ஒரு மணி நேரம் கழித்து, பாலத்தின் இறக்கம் முடியும் இடத்தில் நான் நின்றிருந்தேன். தன்யா சேச்சி முதலில் பறந்து வந்தாள். அடுத்து விக்கி. அதன்பின் ஒரு கன்டெய்னர் லாரி பாலத்தையே மறைத்தது. நான் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தேன்.

லாரி போனது. அதற்குப் பின்னால், பாலத்தின் ஓரமாக, பிரேக்கை விடாமல், மெதுவாக, மிக மெதுவாக அண்ணா இறங்கி வந்தான்.

“கடைசியா வந்தேன்டி,” என்றான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

“நீ முழுசா வந்துட்டேல்லோ!” என்றேன் நான்.