நீந்த மறந்த கிருமி

"ஏழு வருஷமா ஒரே ஆய்வகம். இன்னும் என் புருஷனை 'நீங்க, நீங்க'ன்னா கூப்பிடுற?"

போன மாதம், குலுந்தா சமவெளியின் சோடா ஏரியில் மாதிரி நீரை மொண்டுகொண்டே ரிம்மா கேட்டது.

"வயசுல பெரியவர் அவர்தானே... அவரே சொல்லாம எப்படி 'நீ'ன்னு மாறுறது?" என்றாள் ஸோயா.

"நீயே கேட்டுடேன்டி. கடிச்சுட மாட்டார்."

ஸோயா கேட்கவில்லை. ஆய்வகத் தலைவர் க்ளேப் ரோதியோனவிச்சின் மீது அவளுக்கிருந்த ஆசை முழுவதும் அந்த ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்திருந்தது. அதை அவர் மனைவியிடமா சொல்வாள்?

இன்று ரிம்மா அதே ஏரியில் மிதந்தாள்.

பிணமாக!

நுரையீரல் நிறைய உப்பும் சோடாவும் கலந்த தண்ணீர். கால் வழுக்கியிருக்கும் என்றார் க்ளேப். இன்ஸ்பெக்டர் பனாரினும் தலையாட்டினார். அந்த நீரைக் குப்பியில் கொண்டுவந்து ஸோயாவிடம் கொடுத்தார். ஏரித் தண்ணீர்தான் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கை மூடிவிடலாமாம்.

கந்தகத்தைத் தின்று வாழும் ஏரிக் கிருமி அதில் இருந்தது. அதன் மரபணு வரிசையை முழுதாகப் படித்தாள் ஸோயா.

நான்காம் நாள் காலை, முடிவு திரைக்கு வந்தது.

ஸோயா இன்னொரு முறை சரிபார்த்தாள்...

"ஏரியோடதுதானே, ஸோயா அர்காதியெவ்னா?" பின்னால் க்ளேப்.

"அதே இனம்தான்..."

"அப்ப கையெழுத்துப் போட்டுடுங்க. ரிம்மாவை அடக்கம் பண்ணணும்."

அவள் தோளில் கை வைத்தார். ஏழு வருடங்களில் முதல் முறை.

ஒரே ஒரு கையெழுத்து. போட்டால் இந்தக் கை அவளுக்கு.

வாசலில் பனாரின் காத்திருந்தார்.

ஸோயா பேனாவை மூடினாள்.

"இனம் ஒண்ணுதான். வீடு வேற."

"புரியலையே," என்றார் பனாரின்.

"ஏரியில இருக்கறது வாலை ஆட்டி நீந்திப் போய் இரை தேடும். நாங்க ஆய்வகத் தொட்டியில ஏரித் தண்ணிய நிரப்பி வளர்க்கறதுக்கு அந்தக் கஷ்டமில்ல. ஏழு வருஷமா எந்திரமே கலக்கி ஊட்டிவிடுது. நீந்தற மரபணுவே அதுல உடைஞ்சு போச்சு. போன மாசம்தான் கண்டுபிடிச்சேன். இவர்கிட்ட இன்னும் சொல்லல."

தோளிலிருந்த கை விலகியது.

"ரிம்மா நுரையீரல்ல இருக்கறது, உடைஞ்சது."

பனாரின் கேட்டது ஒன்றே ஒன்று. தொட்டி அறையின் சாவி யாரிடம்?

ஒரே சாவி. க்ளேபின் சட்டைப்பையில் இருந்தது.

பிறகு அவரே சொன்னார். பெட்டியைக் கட்டிவிட்டு, இனி திரும்பமாட்டேன் என்று சொல்லிப்போக ரிம்மா அங்கே வந்தாள். தொட்டிக்குள் அவள் தலையை அமுக்கினார். உடலை ஏரியில் கொண்டுபோய்ப் போட்டார். தொட்டி நீரும் ஏரி நீரும் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டார்.

விலங்கு பூட்டப்பட்டது.

"நீங்களாவது என்னைப் புரிஞ்சுப்பீங்கன்னு இருந்தேன், ஸோயா அர்காதியெவ்னா..."

ஸோயா கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏழு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

அவர் நிமிர்ந்தார்.

"இனிமே உங்களை 'நீ'ன்னு கூப்பிடலாமா?"