எல்லா வீடியோவிலும் ஒரு கண்

வீடியோவில் அண்ணன் தரையில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு கண்... இமைக்காமல் அவளையே பார்த்தது.

அடுத்த வீடியோவைத் திறந்தாள். அங்கேயும் அதே கண். மூன்று வருஷத்துக்கு முந்தைய வீடியோவிலும்... அதே மூலையில், ஈரம் தளும்ப. உற்றுப் பார்த்தாள். இமையோரம் ஒரு மச்சம்.

அது அவளுடைய கண்.

அண்ணனின் யூடியூப் சேனலுக்குப் படம் பிடிப்பவள் அவள்தான். ஆனால் அவள் முகம் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால் சேனலைத்தான் பார்ப்பார்.

காலையில் மழைக்கு ஒதுங்கிய கம்ப்யூட்டர் கடையில், முன்பின் தெரியாத கடைக்காரன்தான் வீடியோ மூலையில் சப்ஸ்கிரைப் பட்டன் போட்டுத் தந்தான். "ஒரு தடவை படத்தை ஏத்தினா போதும்... எல்லா வீடியோலயும் வந்துடும்" என்றான்.

நனைந்துகொண்டே ஓடினாள். கடையில் ஆளில்லை. விற்பனைக்கு இருந்த நான்கு திரைகளிலும் அண்ணன் வீடியோ ஓடியது. நான்கு கண்கள் அவளைப் பார்த்தன... மேஜைக்கடியிலிருந்து ஒரு கை எழுந்தது.

ஒயரோடு அவன் எழுந்தான்.

"பட்டன் கேட்டா பேய்ப்படம் ஓட்டுறீங்களா?"

திரையைத் திரும்பிப் பார்த்தவன் முகம் வெளுத்தது. "ஐயோ... பக்கத்துல இருந்த படத்தை மாத்தி ஏத்திட்டேங்க."

"என் கண்ணு உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

அவன் ஒயரை மேஜையில் வைத்தான்.

"உங்கண்ணன் சுவத்துல கண்ணாடி மாட்டுற வீடியோ... அதுல அரை நொடி தெரிஞ்சீங்க. நிறுத்தி, எடுத்து வச்சிக்கிட்டேன். எட்டு மாசமாச்சு."

எட்டு மாதமாக யாரோ ஒருவன்... பயந்தான் வந்தது. ஊரே அண்ணன் கையைப் பார்த்தபோது, இவன் போன் பிடித்தவளைத் தேடியிருக்கிறான்... பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் வந்தது.

"முதல்ல எடுங்க அதை."

கண் போய்ச் சிவப்புப் பட்டன் வந்தது. பிறகு, அவள் சொல்லாமலே, தன்னிடம் இருந்த படத்தையும் அழித்தான். "கேக்காம வச்சது தப்புங்க... ஆனா உங்களைப் பிடிச்சிருக்கு. அது பொய்யில்ல."

"இதை எங்கண்ணன்கிட்ட வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன். அடிப்பாரா?"

"வர்றப்ப கையெல்லாம் சிமெண்டா இருக்கும், கழுவப் போவாரு. அதுக்குள்ள சொல்லிடுங்க."

படியிறங்கியவள் நின்றாள். திரும்பவில்லை.

"சொல்றப்ப... அவளுக்கும்தான்னு சேர்த்துச் சொல்லுங்க."