எலி மருந்தும் ஒரு பிளேடு கீறலும்

காலை 9.10. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலாளி ஒருவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தமாக இருமிக்கொண்டிருந்தான். சிறுநீரும் டீ நிறத்தில் போனது. அவன் வீட்டு அலமாரியில் அகப்பட்ட எலி மருந்துப் பொட்டலம், பாதி காலியாக, இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது. வெளியே பெஞ்சில் அவன் மனைவி, பெண் காவலரின் பிடியில். எதிர் பெஞ்சில் அவனுடைய அக்கா, தம்பி பெண்டாட்டியைக் கண்ணாலேயே எரித்துக்கொண்டிருந்தாள்.

தன் வார்டுக்குள் பூட்ஸ் காலோடு வருகிறவர்களை நுரையீரல் டாக்டரம்மாவுக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

"எலி மருந்து ரத்தத்தை உறைய விடாது. கண்ட இடத்துல கசியும். படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாதி படிச்சிருக்கீங்க. தள்ளி நில்லுங்க."

நோயாளியின் கழுத்தில் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது. டாக்டரம்மா எடுத்துப் பார்த்தார். ஒரே ஒரு பொட்டு ரத்தம், காய்ந்து போய்.

"குழாய் போடறதுக்காக எட்டரைக்கு ஷேவ் பண்ணேன் டாக்டர், பிளேடு பட்டுடுச்சு" என்றாள் நர்ஸ், திட்டு விழும் என்ற பயத்தோடு.

திட்டு விழவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து மனைவியிடம் கேட்டார். "மாஸ்க் போட்டுக்கிட்டு பெயின்ட் அடிப்பாரா?"

"சொன்னா கேட்டாத்தானே. தின்னர் நெடியோடதான் வீட்டுக்கே வருவாரு. போதாக்குறைக்கு சிகரெட்டு வேற."

"பேச்சை மாத்தாதடி" என்று பாய்ந்தாள் அக்கா. "என் தம்பிக்கு வெச்சது நீதான்."

மதியம் 12.20. பரிசோதனை முடிவுகள் வந்தன.

"இவருக்கு யாரும் விஷம் வைக்கல" என்றார் டாக்டரம்மா. "நுரையீரல்ல ரத்தம் கொட்டற அளவுக்கு எலி மருந்து ஏறியிருந்தா, அந்தக் கீறல் இந்நேரம் தலையணையை நனைச்சிருக்கும். ஒரே பொட்டோட நின்னு காஞ்சிருச்சு. ரத்தம் சரியாத்தான் உறையுதுன்னு லேபும் சொல்லுது."

"அப்ப குற்றவாளி?"

"அவர் உடம்பேதான். கிருமியை அடிக்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாம சொந்த நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அடிக்குது. அபூர்வமான வியாதி. தின்னரும் சிகரெட்டும் கிளப்பி விட்டிருக்கலாம். அந்தச் சக்தி கலந்திருக்கற ரத்த நீரைப் பிரிச்செடுத்து மாத்தணும், கூடவே அதை அடக்கற மருந்து. இன்னிக்கே ஆரம்பிக்கணும், இல்லேன்னா ஆள் இல்ல. மனைவி கையெழுத்து வேணும்."

"இவ கையெழுத்துல என் தம்பியத் தொடக் கூடாது" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். தோற்றுப்போனது அவருக்குப் பிடிக்கவில்லை. "போம்மா, போடு" என்றார்.

மனைவி பேனாவை வாங்கினாள். "என் மேல புகார் குடுத்தது இவங்கதானே சார்?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்ஸ்பெக்டரின் குரல் முதன்முறையாக இறங்கியது.

"இல்லம்மா. உன் புருஷன். விடியக்காலையில நான் முதல்ல வந்தப்ப ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழட்டிட்டு, 'என் பொண்டாட்டிதான் வெச்சா'ன்னு அவரே சொன்னாரு."

அவள் படிவத்தை வரி விடாமல் படித்தாள், கையெழுத்துப் போட்டாள், டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"காப்பாத்துங்க டாக்டர். எழுந்து உக்காரட்டும். அதை என் மூஞ்சியப் பாத்து ஒருதரம் சொல்லட்டும்."