யாருக்கும் உறவில்லாத நடுவர்

"கோல்!" என்று கிராஸ் முனைக்காரர்கள் கத்தினார்கள்.

"வெளியே போச்சு!" என்று மார்ட்டின் துறைக்காரர்கள் அதைவிடப் பலமாகக் கத்தினார்கள்.

இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே நின்ற லீனா கோர்க்கம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மார்ட்டின் துறையின் கோல் காவலாளி அவள்தான். இருப்பதிலேயே அகலமான கம்பளிப் பாவாடை அவளுடையது என்பதால் அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. இந்தமுறை பாவாடை உதவவில்லை. கறுப்பு ரப்பர் வட்டு அவள் இடது காலைத் தாண்டி விர்ரென்று போனது. கம்பத்துக்கு உள்ளேயா, வெளியேயா? சத்தியமாக அவளுக்குத் தெரியாது. வட்டு பின்னால் எங்கோ பனிக்குவியலில் புதைந்துவிட்டது.

எல்லோரும் கம்பங்களுக்குப் பின்னால் நின்ற ஸ்னைடரைப் பார்த்தார்கள். அவர்தான் கோல் நடுவர். மூன்றாவது ஊர்க்காரர். கோல் என்றால் கையிலிருக்கும் மணியை அடிக்க வேண்டும். அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். மணியை அடிக்கவில்லை.

"எப்படி அடிப்பாரு? அவரு சம்சாரம் மார்ட்டின் துறைப் பொண்ணாச்சே!" என்று ஒரு குரல்.

"அவரு அக்காவை உங்க ஊர்லதானய்யா கட்டிக் குடுத்திருக்கு!" என்று பதில் குரல் கொடுத்தார் மார்ட்டின் துறையின் ரொட்டிக்கடைக்காரர் ரூபன்.

அவ்வளவுதான். ஒரு பனியுருண்டை பறந்தது. பிறகு ஒரு தொப்பி பறந்தது. பிறகு உறைந்த ஏரியின்மேல் பெரியவர்கள் கட்டிப் புரண்டார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதே கூத்துதான். நான்கு ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து, ஊருக்கு ஏழு பேராக, பள்ளி ஆசிரியர் மோஷர் ஹாக்கி லீக் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் ஆடினார்கள். பெரியவர்கள் அடித்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கடைசி ஆட்டம், கோப்பைக்கான ஆட்டம்.

மோஷர் ஒரு மீன் பீப்பாய்மேல் ஏறி நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது.

"போதும்! ரெண்டுக்கு ரெண்டு, சமம். மிச்ச ஆட்டம் சனிக்கிழமை. அதுக்குள்ள ரெண்டு ஊருக்கும் உறவில்லாத நடுவரைப் பிடிச்சிட்டு வாங்க. இல்லேன்னா கோப்பையும் கிடையாது, லீக்கும் கிடையாது. இந்த வருஷம் மட்டுமில்ல, எப்பவுமே!"

லீனாவால் நம்ப முடியவில்லை. ஹாக்கி இல்லாத குளிர்காலமா? ஐந்து மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து காலுறை பின்னுவதா?

அவள் குழுவினர் கூடி யோசித்தார்கள்.

"பாதிரியார்?"

"அவரு அம்மா கிராஸ் முனை."

"கலங்கரை விளக்கத்துக்காரர்?"

"எங்க பெரியப்பா!"

"அப்போ பாதிரியாரோட குதிரை?"

"அதை வித்ததே எங்க சித்தப்பாதான்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அப்பா அடுப்பருகே உட்கார்ந்து வசந்தகாலத்துக்காக ஹெர்ரிங் மீன்வலை பின்னிக்கொண்டிருந்தார். லீனா அந்த வலையையே வெறித்துப் பார்த்தாள். உள்ளே வந்த மீன் உள்ளேதான். வெளியே போன மீன் வெளியேதான். 'நீ எந்த ஊர்?' என்று வலை கேட்பதே இல்லை.

"அப்பா! இந்த வலையைக் கம்பத்துல கட்டினா, உள்ள வர்ற வட்டு அங்கேயே மாட்டிக்கும்ல?"

அப்பாவின் கை நின்றது. "இதைத் தொட்டே, தொலைஞ்சே. நாம வசந்தத்துல சாப்பிடணும். மச்சுல பழைய வலை கிடக்கு, சுறா கிழிச்சுப் போட்டது. வேணும்னா எடுத்துக்கோ. ஓட்டையெல்லாம் நீயேதான் பின்னணும்."

லீனா அதை இரண்டாக வெட்டினாள். ஓட்டைகள் எக்கச்சக்கம். ஒரு ஓட்டையில் ஊசியை நுழைத்தவள் அப்படியே நிறுத்தினாள். 'மார்ட்டின் துறைக்காரி வேணும்னே ஓட்டை விட்டுட்டா' என்று அவர்கள் சொன்னால்? மறுபடி தொப்பி பறக்கும்.

மறுநாள் ஒரு பாதி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரியைக் கடந்து தனியாகக் கிராஸ் முனைக்குப் போனாள். எதிரணித் தலைவன் டைட்டஸ் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"என்ன, வேவு பார்க்க வந்தியா?"

"வேலை குடுக்க வந்தேன். எனக்குப் பின்னாடி கட்டப்போற வலை இது. இதை நீ பின்னு. உங்க பக்கத்து வலையை நான் பின்றேன்."

டைட்டஸ் கோடாரியைக் கீழே வைத்தான். "நான் ஓட்டை விட்டா, நான் போடற கோல்தானே ஓடிப்போகும்?"

"அதேதான்."

"நீ விட்டா, உங்க கோல் போயிடும்." அவன் மெல்லத் தலையாட்டினான். "நீ இங்க வந்தது உங்க ஊருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை ஐஸ்ல புதைச்சிடுவாங்க."

டைட்டஸ் முதல்முறையாகச் சிரித்தான். "குடு இங்க."

சனிக்கிழமை வந்தது. லீனாவும் டைட்டஸும் மோஷரிடம் முன்கூட்டியே சொல்லி, இரண்டு பக்கக் கம்பங்களிலும் வலையைக் கட்டியிருந்தார்கள். "இதென்ன கோழிக்கூண்டு?" என்று ரூபன் கேட்டார். இனி வலைதான் கோல் நடுவர் என்றும், யார் எதைப் பின்னினார்கள் என்றும் மோஷர் விளக்கினார். இரண்டு ஊரும் வலைகளை இழுத்து இழுத்துப் பார்த்தன. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் ஆண்கள் அடிதடிக்குத் தோதாகக் கையுறையைக் கழற்றியே வைத்திருந்தார்கள். லீனா அதைக் கவனித்தாள்.

ஆட்டம் தொடங்கியது. சறுக்குக் காலணிகள் பனியைக் கிறீச்சிட்டுக் கிழித்தன. ஒரு வட்டு அவள் முழங்காலில் பட்டுத் திரும்பியது. இன்னொன்று கம்பத்தில் 'டங்' என்று மோதியது. மோஷர் கடிகாரத்தை எடுத்தார். இன்னும் ஒரு நிமிடம்.

டைட்டஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். லீனா குனிந்தாள். அவன் வலப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கம் அடித்தான். அவள் பாய்ந்து விழுந்தாள்.

"கோல்!"

"வெளியே!" ரூபன் முஷ்டியை மடக்கிக்கொண்டு பாய்ந்தார். எதிர்ப்பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

லீனா படுத்தபடியே தலையைத் திருப்பினாள். வலையின் மூலையில், பிடிபட்ட மீன் மாதிரி, கறுப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்ளதான் இருக்கு," என்றாள். "வந்து பாருங்க."

வந்தார்கள், பார்த்தார்கள். ரூபன் குனிந்து விரலால் வட்டைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"என்ன ரூபன்?" என்றார் மோஷர். "இந்த வலைக்கு எந்த ஊர்ல சம்பந்தம்னு சொல்லுங்களேன்."

யாரோ 'க்ளுக்' என்றார்கள். பிறகு ஏரி முழுக்கச் சிரிப்பு. ரூபனும்தான். மடக்கிய முஷ்டியை என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அதற்குள் ஆட்ட நேரமும் முடிந்திருந்தது; கோப்பை கிராஸ் முனைக்குப் போனது. லீனாவின் கண்ணோரம் ஈரம் எட்டிப் பார்த்தது. அவள் அதைத் துடைத்துவிட்டு, வட்டை வலையிலிருந்து பிரிக்க முயன்றாள். வரவில்லை. டைட்டஸும் உட்கார்ந்து இழுத்தான்.

"ரொம்ப இறுக்கிப் பின்னிட்டேன் போல," என்றான்.

"அடுத்த வருஷம் கொஞ்சம் தளர்த்திப் பின்னு."

"அடுத்த வருஷம் உண்டா?" என்று டைட்டஸ் மோஷரைப் பார்த்தான்.

மோஷர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். "ஏரி உறைஞ்ச மறுநாளே."

லீனா சிரித்துவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக, அடிதடி இல்லாமல், இரவுச் சூப் ஆறுவதற்கு முன்பே, இரண்டு ஊரிலும் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.