மூசைப் பொருத்தம்

நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குக் காகிதக் குவளையில் காபி கொடுத்தார்கள். எவர்சில்வர் தம்ளர்கள், குத்துவிளக்கு, மடக்கு நாற்காலிகள் எல்லாம் காலையிலேயே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. கூடத்தில் வெறும் பாய்தான். வந்தவர்கள் கைபேசிகளை வாசலில் இருந்த பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். உலோகம் கேட்கும் கருவியால் நகைக்குச் செவி வைக்கும் வீட்டில் அதுதான் வழக்கம்.

இனியாள் பையைத் திறந்து கருவியின் தண்டை எடுத்தாள். அவள் கையில் ரப்பர் வளையல், கழுத்தில் நூல். பொன்செவி இயக்க உரிமம் வாங்கிய நாளிலிருந்து அவள் உடம்பில் ஒரு ஊக்குகூடக் கிடையாது.

தண்டின் நுனியில் வளையத்தைப் பொருத்தித் திருகினாள். வளையத்துக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருந்தது. சுருள் ஒரு காந்தத் துடிப்பை அனுப்பும். எதிரே உலோகம் இருந்தால் அதற்குள் மின்சுழல்கள் கிளம்பி, மெல்லிய பதில் துடிப்பொன்று திரும்பி வரும். பழைய கருவிகள் அந்தப் பதிலைக் கேட்டதும் 'உலோகம், உலோகம்' என்று கத்தத்தான் தெரிந்தவை. பொன்செவி அந்தப் பதில் எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதைக் கேட்டது. தங்கத்துக்கு ஒரு தாமதம், செம்புக்கு வேறொன்று. முலாம் பூசிய செம்பு எப்படி மின்னினாலும் அதற்குச் செம்பின் குரல்தான்.

பொன்செவி வந்த சில ஆண்டுகளில் கவரிங் கடைகள் மூடிக்கொண்டன. அடகுக் கடைகளில் உரைகல்லைத் தேடுவாரில்லை. நிச்சயத்தன்று பெண்ணின் நகைக்குச் செவி வைத்து, திரையில் வந்ததைச் செவிக்காரி உரக்கச் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவது என்றாகிவிட்டது.

"இனியா, இங்க ஒரு நிமிஷம் வா." பெண்ணின் தாய் சுபிக்ஷா அவளை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள். "கவின்மலர் போட்டிருக்கது நம்ம குழுச் செட்டு. உனக்குத் தெரியாததில்ல."

"தெரியும்க்கா. ஆனா இது புதுச் செவி. போன வாரந்தான் கம்பெனில மாத்திக் குடுத்தாவ."

"புதுசுன்னா? என்னத்தச் சொல்லும்?" சுபிக்ஷாவின் குரல் இறங்கியது.

குழுச் செட்டு என்பது நாவல்குளம் நெசவுத் தெருவின் ரகசியம். முப்பத்தைந்து வருடம் முன்பு, தெருவின் மகளிர் குழுவில் இருந்த பெண்கள் வீட்டில் கிடந்த பொட்டுத் தங்கத்தையெல்லாம் கொண்டுவந்தார்கள். அறுந்த சங்கிலி, திருகில்லாத தோடு, நசுங்கிய மோதிரம். பொன் உருக்கும் சின்ன மண்கிண்ணமான மூசையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கி, ஆரம், அட்டிகை, வங்கி, ஒட்டியாணம் என்று ஒரே ஒரு முழுச் செட்டு செய்தார்கள். தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அவள் அதைப் போட்டுக்கொண்டு போவாள். மறுவீட்டுக்கு வரும்போது செட்டு குழுவுக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு மாமியார் கேட்டால், "அம்மா வீட்டு லாக்கர்ல இருக்கு" என்பது பதில்.

பொன்செவி வந்தபோது மற்றத் தெருக்களில் எத்தனையோ சம்பந்தங்கள் முறிந்தன. நெசவுத் தெருவில் ஒன்றுகூட முறியவில்லை. அவர்கள் தங்கம் சுத்தமான தங்கம். அது என்ன என்று கருவிக்குத் தெரிந்தது. யாருடையது என்று தெரிய வழியில்லை. இனியாள் இந்தச் செட்டின் குரலைப் பல பெண்களின் கழுத்தில் கேட்டிருக்கிறாள். பொய் சொல்லத் தெரியாத அந்தக் கருவி மேல் அவளுக்கு மதிப்பு உண்டு. அதைப் பொய் சொல்ல வைக்காமலே காரியத்தை முடித்த பெண்கள் மேல் அதைவிட அதிகம்.

"ஒவ்வொரு மூசையிலும் வெள்ளி, செம்பு, தூசியளவு வேற உலோகம் எல்லாம் வேறவேற அளவுல சேருமாம்க்கா. கைரேகை மாதிரி. புதுச் செவி அதையும் கேக்கும். நிச்சயத்துல காட்டுன நகைதான் கல்யாணத்துலயும் வருதான்னு பாக்கதுக்கு."

"கல்யாணத்துக்கும் இதேதானட்டி போடப் போறா?"

"அதான் பயமில்லங்கேன். படித்தங்கமும் நகையும் ஒரே மூசையா இருந்தா மட்டும் ரெண்டு மணி அடிக்கும். ஒப்பிட்டுப் பாக்குற படித்தங்கம் மாப்பிள்ள வீட்டுக்காரங்க குடுக்கது. மதுரைத் தங்கமும் நாவல்குளத்துத் தங்கமும் எங்க ஒத்துப்போவும்?"

சுபிக்ஷா மூச்சு விட்டாள். "மாப்பிள்ளையோட அம்மா வந்ததுலருந்து வாயே தொறக்கல. அதான் ரோசனையா இருக்கு. இது முறிஞ்சா இவளோட போவாது, தெருவுல அடுத்து நிக்குற பிள்ளையளுக்கும் சேத்துப் போயிரும்."

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை ஆதவனின் பெரியப்பா பிரணவ் நடுவில் உட்கார்ந்திருந்தார். செவி வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பியவர் அவர்தான். அவருக்குச் சற்றுத் தள்ளி, சுவரைப் பார்த்தபடி மாப்பிள்ளையின் தாய் தர்ஷினி.

"ஏம்மா, ஆரம்பிக்கலாமா? இல்ல இன்னும் சூடாகணுமா?" என்றார் பிரணவ்.

"ஒரு நிமிஷம் சார். தரை மறக்கணும்."

இனியாள் வளையத்தைத் தரைக்கு அருகே கொண்டுபோய் மெல்லத் தூக்கினாள். மறுபடி இறக்கினாள். தளத்துக்குள் இருந்த இரும்புக் கம்பிகளைக் கேட்டுக் கருவி முனகியது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் முனகல் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நின்றது. இனி இந்தத் தரை அதற்கு இல்லை. இந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் இனியாளுக்கு உள்ளூர ஒரு சிலிர்ப்பு. தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாகக் கேட்க ஒரு கருவிக்கு முடிகிறதே.

வளையத்தோடு அவள் திரும்பியபோது செவி வீறிட்டது.

"சார், முழங்கால்ல ஏதும் வெச்சிருக்கீங்களா?"

"டைட்டானியம். மூணு வருஷமாச்சு."

"பெரியப்பாவுக்கே முதல்ல செவி வெச்சாச்சு!" என்றான் ஆதவன். கூடம் சிரித்தது. பிரணவ் சிரிக்காமல் பாயின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"படித்தங்கம் குடுங்கம்மா" என்று இனியாள் தர்ஷினியிடம் கை நீட்டினாள். செவிக்காரிகள் பெண் வீட்டுக்குச் சாதகமாகக் கருவியைத் திருகுகிறார்கள் என்று ஒரு காலத்தில் புகார் எழுந்தது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும் படியாக மாப்பிள்ளையின் தாய் போட்டிருக்கும் நகையையே வைப்பது என்று வழக்கம் வந்தது.

தர்ஷினி காதிலிருந்த தோட்டைத் தொட்டாள். "இதக் கழட்டித் தரவா?"

"தோடு எதுக்கு?" என்றார் பிரணவ். "அந்த வளையலைக் குடு. தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டியே. அதவிட நல்ல தங்கம் நம்ம வீட்டுல ஏது?"

"அது கைய விட்டு வராது அத்தான்."

"சோப்புத் தண்ணி கொண்டாங்கம்மா."

சோப்பு வந்தது. மெல்லிய, வேலைப்பாடே இல்லாத வளையல். இனியாள் அதை வளையத்தின் நடுவில் பிடித்து, படி என்று பதிய வைத்தாள். பிறகு கவின்மலரின் முன்னால் மண்டியிட்டு, நகையிலிருந்து உள்ளங்கை உயரத்தில் வளையத்தை நிறுத்தி, இடமிருந்து வலமாக மெல்லக் கொண்டுபோனாள்.

அட்டிகைக்கு நேரே வந்ததும் தங்கத்தின் நீண்ட, தெளிந்த ஒலி எழுந்தது. அதன் மேல் இரண்டு மணி.

இனியாளின் கை நின்றது. ஆரத்துக்கு இறக்கினாள். இரண்டு மணி. வங்கி. ஒட்டியாணம். இரண்டு இரண்டாக மணி அடித்துக்கொண்டே போனது.

"தங்கம்னு தெரியுது. அதென்ன ரெண்டு மணி?" என்றார் பிரணவ்.

திரையில் வந்ததை உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் உரிமத்தின் முதல் விதி. இனியாளின் கட்டைவிரல் பிடியிலிருந்த அழிப்புப் பொத்தானைத் தேடிப் போயிற்று. தரை சரியாக மறக்கவில்லை என்று ஒரு வார்த்தை போதும். விரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்த வரவில்லை.

"தங்கம் சுத்தம் சார். அப்புறம்... படித்தங்கமும் இந்த நகையும் ஒரே மூசை."

"அப்படின்னா?"

"ஒண்ணா உருக்கிச் செஞ்சது."

பிரணவ் எழுந்துவிட்டார். "எங்க வீட்டுத் தங்கம் இந்த வீட்டுக்கு எப்படி வந்துச்சு? திருட்டு நகையப் போட்டா பொண்ண உக்கார வெச்சிருக்கீங்க?"

"எங்க வீட்டுத் தங்கம் உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னும் கேக்கலாம்லா மாமா?" என்றாள் கவின்மலர்.

"சும்மா இருட்டி!" சுபிக்ஷாவின் முகத்தில் ரத்தமில்லை. அவள் கண்கள் இனியாளின் கையிலிருந்த வளையலில் நின்றன. இதே போல் ஒன்றை அவளுடைய மாமியார் கையில் பார்த்திருக்கிறாள். செட்டு செய்து மிஞ்சிய தங்கத்தில், பங்கு போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வளையல் அடித்துக் கொடுத்தார்களாம். மாமியார் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தர்ஷினி, நீ சொல்லு" என்றார் பிரணவ். "உங்கப்பா கடையில வாங்கிப் போட்டதுதான இது? இல்ல இங்க யாரும் கைவெச்சாங்களா?"

கூடம் முழுவதும் தர்ஷினியைப் பார்த்தது. வாங்கியது என்றால் இந்த வீடு திருட்டு வீடு. இல்லை என்றால், மதுரைக்கு அவள் போட்டுக்கொண்டு போன ஆரமும் அட்டிகையும் இத்தனை வருடமாக எந்த லாக்கரில் இருக்கின்றன என்ற கேள்வி வரும்.

தர்ஷினி சோப்பு நுரை காயாத கையைச் சேலையில் துடைத்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா அத்தான்? இதுக்குப் பேரு மூசைப் பொருத்தம்."

"என்னது?"

"ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பாத்தோம்ல? இது பதினொண்ணாவது. ரெண்டு வீட்டுத் தங்கமும் ஒரே மூசையில பொறந்ததா அமைஞ்சா அந்தக் கல்யாணம் பிரியாது."

"நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"பொம்பளைங்க பேசுற எதக் கேட்டிருக்கீங்க? இத்தன நாள் பாக்குறதுக்கு வழியில்ல. இப்பக் கருவி வந்துருச்சு. செவி வைக்குற பிள்ள படிச்சதுதான, அதையே கேளுங்க."

பிரணவ் திரும்பினார். "ஏம்மா, இது அடிக்கடி அமையுமா?"

இனியாள் யோசித்தாள். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது.

"ரொம்ப அபூர்வம் சார். ரெண்டு குடும்பத்துத் தங்கம் தற்செயலா ஒரே மூசையா அமைய வாய்ப்பே இல்ல."

பிரணவ் சிறிது நேரம் கருவியைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். "நான் கொண்டு வந்த சம்பந்தம்ல" என்றார். "தட்ட மாத்துங்க."

பந்தி நடக்கும்போது தர்ஷினி வளையலைத் தேடிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். சுபிக்ஷா அதை இனியாளிடமிருந்து வாங்கி அவள் கையில் மாட்டிவிட்டாள்.

"மதினி, நீங்க நம்ம தெருவா?"

"மேலக் கோடி வீடு. எங்கம்மா ஒத்த ஜிமிக்கி போட்டா இதுல. நான் வாக்கப்பட்டதும் எல்லாரும் ஊரக் காலி பண்ணிட்டாவ. அத்தான் அப்ப வெளிநாட்டுல, நான் எந்த ஊருன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்ல." மதுரையில் மறைத்து வைத்திருந்த பேச்சு, கதவு சாத்தியதும் வந்துவிட்டது. தர்ஷினி கதவிடுக்கு வழியே, கூடத்தில் இருந்த கவின்மலரின் கழுத்து அட்டிகையை எட்டிப் பார்த்தாள். "ஐப்பசில என் மவளுக்கு நிச்சயம். அப்ப செட்டு யாரு கையில இருக்கும்?"

சுபிக்ஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தம் வெளியே போகாமலிருக்க இனியாள் குழாயைத் திறந்துவிட்டாள்.

பிரணவ் சும்மா இருக்கவில்லை. தான் முடித்த சம்பந்தத்துக்கு இரண்டு மணி அடித்ததை மதுரை முழுக்கச் சொன்னார். அடுத்த முகூர்த்த மாதத்திலேயே இனியாளிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: "தங்கம் கெடக்கட்டும், மணி அடிக்குதா?" அடிக்கவில்லை என்றால் முகங்கள் வாடின. ஒரு நல்ல சம்பந்தம் அதனாலேயே தள்ளிப்போயிற்று. அது வெறும் உலோகக் கலவை, விதி கிடையாது என்று அவள் விளக்கிப் பார்த்தாள். "தனக்கு அமையலன்னு வயித்தெரிச்சல்" என்றார்கள்.

பிறகு ஜனங்களே வழி கண்டுபிடித்தார்கள். சம்பந்தம் பேசி முடித்ததும், நிச்சயத்துக்கு முன்னால், இரண்டு வீட்டுத் தங்கத்தையும் ஆசாரியிடம் கொண்டுபோய் ஒன்றாக உருக்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எது யாருடையது என்ற பேச்சு அந்த மூசையோடு முடிந்தது. இந்த வீட்டு மகள் அந்த வீட்டுக்கும், அந்த வீட்டு மகள் அடுத்த வீட்டுக்கும் என்று சம்பந்தம் தொடர, தங்கமும் மூசைக்கு மூசை கலந்தது. நெசவுத் தெருவின் குழு மற்றத் தெருக்களையும் சேர்த்துக்கொண்டு பெரிதாகி, ஊருக்கே ஒரு பெரிய மூசை வைத்தது. புதிதாகத் தங்கம் வாங்கியவர்கள் அதை அப்படியே போட்டுக்கொள்ளப் பயந்தார்கள். ஊர் மூசையில் போட்டு எடுத்தால்தான் நிம்மதி. நகை எங்கே என்று எந்த மாமியாரும் கேட்பதில்லை. கேட்டால் தன் பங்கு எங்கே என்றும் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களில் ஒருநாள் கம்பெனி அலுவலர் அழைத்தார்.

"உங்க செவி அனுப்புற பதிவெல்லாம் தப்பா வருதுங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே மூசைன்னு காட்டுது. பழுது. திருப்பி அனுப்பிடுங்க."

"பாத்துட்டுச் சொல்லுதேன் சார்."

இனியாள் வளையத்தைப் பொருத்தித் திருகினாள். தரையை மறக்க வைத்தாள். ஒரு செப்புக் கம்பியைக் காட்டினாள், செம்பு என்றது. பக்கத்து வீட்டிலிருந்து வெள்ளிக் கொலுசு வாங்கி வந்து காட்டினாள், வெள்ளி என்றது. கலவையையும் மாறாமல் சொன்னது. எப்போதும்போல் தெளிந்த குரல். துல்லியமான கருவி.

"பழுது இல்ல சார்."

"என்னங்க சொல்றீங்க? ஒரு ஊர்த் தங்கம் முழுக்க எப்படி ஒரே மூசையா இருக்கும்?"

"இங்க பொருத்தம் பாக்காம யாரும் கல்யாணம் பண்றதில்ல சார்" என்றாள் இனியாள்.